மருத்துவரின் கையெழுத்து

கைது செய்யப்படும் எவரையும் தாமதமின்றி அரசு மருத்துவர் ஒருவர் பரிசோதித்தாக வேண்டும். உடலில் காயமோ அடித்த தழும்போ இருந்தால், அது ஏறத்தாழ எந்த நேரத்தில் ஏற்பட்டது என்பதுவரை அவர் எழுதிவைக்க வேண்டும். அந்த அறிக்கையின் நகலைக் கைதானவரிடமோ, அவர் குறிப்பிடும் நபரிடமோ தந்தாக வேண்டும். இது ஏதோ மனித உரிமை அமைப்பின் கோரிக்கை மனுவில் காணப்படும் வாசகம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். 2009-ஆம் ஆண்டு டிசம்பர் 31 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 54-ஆவது பிரிவாகவும், 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்திருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 53-ஆவது பிரிவாகவும் நாடு முழுவதும் நடைமுறையில் இருக்கும் சட்டம் இது.

இந்தச் சட்டம் இருக்கும்போதுதான், 2017 ஏப்ரல் முதல் 2022 மார்ச் வரையிலான ஐந்து ஆண்டுகளில் 669 பேர் போலீஸ் காவலில் இறந்ததாகத் தேசிய மனித உரிமை ஆணையத்தில் வழக்குகள் பதிவாயின. 2023 பிப்ரவரியில் மாநிலங்களவையில் மத்திய உள்துறை அமைச்சகமே அளித்த கணக்கு இது. 2020-21-இல் 100 ஆக இருந்த எண்ணிக்கை, மறு ஆண்டில் 175 ஆனது. இந்த 669 பேரும் அடித்துக் கொல்லப்பட்டவர்கள் என்று சொல்லிவிட முடியாது. நோயால் இறந்தவர்கள் இருக்கலாம், தற்கொலை செய்துகொண்டவர்கள் இருக்கலாம். ஆனால், யார் நோயால் இறந்தார், யார் அடியால் இறந்தார் என்பதைப் பிரித்துச் சொல்லக்கூடிய முதல் ஆவணம், கைதான நாளில் மருத்துவர் எழுதும் அந்தக் காகிதம்தான். அது ஒழுங்காக எழுதப்பட்டால் நேர்மையான காவல் அதிகாரிக்கும் அதைவிடப் பெரிய பாதுகாப்பு வேறில்லை.

1973-ஆம் ஆண்டின் சட்டத்தில் இதற்கு இரண்டு பிரிவுகள் இருந்தன. குற்றம் சாட்டப்பட்டவரின் உடலிலிருந்து தடயம் கிடைக்கும் என்று கருதினால், அவரை மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்துமாறு காவல் துறை கேட்கலாம் என்றது 53-ஆவது பிரிவு. தேவைப்பட்டால் நியாயமான அளவு பலத்தையும் பயன்படுத்தலாம். அடுத்த பிரிவு கைதானவருக்கானது. தன்மீது குற்றம் இழைக்கப்பட்டது என்பதை நிரூபிக்கவோ, தான் குற்றம் செய்யவில்லை என்று காட்டவோ, தன்னைப் பரிசோதிக்குமாறு அவர் மாஜிஸ்திரேட்டிடம் கேட்கலாம். வேண்டுமென்றே காலம் கடத்துவதற்காகக் கேட்கிறார் என்று மாஜிஸ்திரேட் கருதினால் அதை மறுக்கவும் செய்யலாம். காவல் துறை கேட்டாலே பரிசோதனை. கைதானவர் கேட்டால் மட்டும் அதற்கு மாஜிஸ்திரேட்டின் உத்தரவு வேண்டும் என்பதுதான் அன்றைய ஏற்பாடு.

கேட்கலாம் என்பது கைதானவருக்குத் தெரிந்திருந்தால்தானே கேட்பார்? பம்பாய் மத்தியச் சிறையில் பெண் கைதிகளைச் சந்தித்துவிட்டுப் பத்திரிகையாளர் ஷீலா பார்சே உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டியதன் விளைவாக, 1983-இல் அதற்கு ஒரு வழி பிறந்தது. கைதாகி முன்னே நிறுத்தப்படும் ஒவ்வொருவரிடமும், 'காவலில் உன்னைத் துன்புறுத்தினார்களா' என்று மாஜிஸ்திரேட்டே விசாரிக்க வேண்டும். மருத்துவப் பரிசோதனை கோரும் உரிமை உண்டு என்பதை அவரே எடுத்துச் சொல்லவும் வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு.

மாஜிஸ்திரேட் கண்ணை நிமிர்த்திப் பார்த்தால் என்ன நடக்கும் என்பதற்கு அதைவிடப் பழைய உதாரணம் ஒன்று உண்டு. உத்தரப் பிரதேசத்தின் ஹுசைன்கஞ்ச் காவல் நிலையத்திலிருந்து 1969-இல் ரிமாண்டுக்குக் கொண்டுவரப்பட்ட ஒரு கிராமவாசியின் உடலில் காயங்கள் இருப்பதை மாஜிஸ்திரேட் கவனித்தார். யார் அடித்தது என்று கேட்டார். அந்த மனிதர் சொன்ன பதிலை எழுதி வைத்தார். லஞ்சம் கேட்டதை எதிர்த்துப் புகார் செய்த அவர் அன்றே உயிரிழந்தார். மாஜிஸ்திரேட் எழுதிவைத்த அந்த இரண்டு வரிகள் மரண வாக்குமூலமாயின. உயர் நீதிமன்றம் விடுவித்துவிட்ட காவலர்களை, 1985-இல் உச்ச நீதிமன்றம் தண்டித்தது முக்கியமாக அந்த வாக்குமூலத்தின் பலத்தில்தான். காவல் நிலையத்தின் நான்கு சுவர்களுக்குள் நடப்பதற்குக் காவலர்களைத் தவிர வேறு சாட்சி கிடையாது என்பதால், நிரூபிக்கும் பொறுப்பு குறித்த சட்டத்தையே திருத்த வேண்டும் என்று அரசுக்கு அந்தத் தீர்ப்பிலேயே நீதிமன்றம் யோசனை சொன்னது. அந்த யோசனைக்கு என்ன ஆனது என்பதைப் பின்னர் பார்க்கலாம்.

மருத்துவச் சாட்சியத்தின் வலிமைக்கு ஒடிசாவின் நீலாவதி பெஹரா வழக்கும் ஒரு சான்று. 1987 டிசம்பரில் காவல் சாவடிக்கு அழைத்துச் செல்லப்பட்ட அவருடைய 22 வயது மகனின் உடல், மறுநாள் ரயில் பாதையோரம் கிடந்தது. தப்பியோடியபோது ரயிலில் அடிபட்டார் என்றது காவல் துறை. காயங்கள் தடியடியால் ஏற்பட்டவை என்று பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவர் உறுதியாகச் சொன்னார். தாய் எழுதிய கடிதத்தையே மனுவாக ஏற்ற உச்ச நீதிமன்றம், 1993-இல் ஒன்றரை லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கச் செய்தது. இங்கே உண்மையைப் பேசியது இறந்த உடல். உயிரோடு இருக்கும்போதே அந்த உடலைப் பார்த்து எழுத ஒருவர் வேண்டும் என்பதற்காகத்தான் கைதுநேரப் பரிசோதனை என்கிற ஏற்பாடே.

மேற்கு வங்கத்தின் சட்ட உதவி அமைப்பு ஒன்றின் தலைவராக இருந்த டி.கே. பாசு 1986 ஆகஸ்டில் தலைமை நீதிபதிக்கு அனுப்பிய கடிதத்திலிருந்து பிறந்த வழக்கில், 1996 டிசம்பர் 18-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. கைதின்போது பின்பற்ற வேண்டிய 11 நிபந்தனைகளை நீதிபதிகள் குல்தீப் சிங், ஏ.எஸ். ஆனந்த் ஆகியோர் வகுத்தனர். கைதானவர் கேட்டால் பெரிய காயம், சிறிய காயம் எல்லாவற்றையும் அப்போதே குறித்து, அதில் அவரும் காவல் அதிகாரியும் கையெழுத்திட வேண்டும் என்பது ஒன்று. காவலில் இருக்கும் காலம் முழுவதும் 48 மணி நேரத்துக்கு ஒருமுறை, மாநில சுகாதாரத் துறை இயக்குநர் அமைக்கும் குழுவில் உள்ள பயிற்சி பெற்ற மருத்துவர் பரிசோதிக்க வேண்டும் என்பது மற்றொன்று. ஆவணங்களின் நகல்கள் மாஜிஸ்திரேட்டுக்குச் செல்ல வேண்டும் என்பதும் அந்தப் பட்டியலில் உண்டு.

நாடாளுமன்றம் இதைச் சட்டமாக்கப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 2005-ஆம் ஆண்டுத் திருத்தம், பாலியல் வன்கொடுமை வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவரையும் பாதிக்கப்பட்டவரையும் பரிசோதிப்பதற்கான முறைகளை வகுத்தது. காவலில் மரணம் நேர்ந்தால் நீதித்துறை மாஜிஸ்திரேட் விசாரிக்க வேண்டும் என்பதையும் அதுதான் கட்டாயமாக்கியது. அடுத்து வந்த 2008-ஆம் ஆண்டுத் திருத்தம்தான் 54-ஆவது பிரிவைத் தலைகீழாக மாற்றியது. 'கேட்டால் பரிசோதனை' என்பது போய், 'கைது செய்தாலே பரிசோதனை' என்றாயிற்று. கைதாகும் பெண்ணைப் பெண் மருத்துவரோ, அவருடைய மேற்பார்வையில் வேறொருவரோதான் பரிசோதிக்க வேண்டும். கைதானவரின் உடல்நலத்துக்கும் பாதுகாப்புக்கும் அவரைக் காவலில் வைத்திருப்பவரே பொறுப்பு என்று தனிப் பிரிவும் சேர்க்கப்பட்டது. பாசு வழக்கின் நிபந்தனைகளில் பெரும்பாலானவை அப்படிச் சட்டப் புத்தகத்தில் ஏறின. ஏறாமல் போனது 48 மணி நேர விதி.

அன்றைக்கு அதைப் பெரிய குறையாக யாரும் கருதாததற்குக் காரணம் இருந்தது. கைதான முதல் 15 நாள்களுக்குள் மட்டுமே போலீஸ் காவல், அதன் பிறகு நீதிமன்றக் காவல்தான் என்று 1992-ஆம் ஆண்டின் அனுபம் குல்கர்னி வழக்கில் உச்ச நீதிமன்றம் கோடு கிழித்திருந்தது. அந்தக் கோடு இப்போது இல்லை. தமிழக அமைச்சராக இருந்த வி. செந்தில் பாலாஜி 2023 ஜூன் 14-ஆம் தேதி அமலாக்கத் துறையால் கைது செய்யப்பட்டு, நெஞ்சுவலியால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, இதய அறுவை சிகிச்சையும் செய்துகொண்டதால், அந்த 15 நாள்களில் விசாரணைக்கு எடுக்க முடியாமல் போனது. இந்த வழக்கில் 2023 ஆகஸ்ட் 7-ஆம் தேதி தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், 15 நாள் என்பது மொத்த அளவே தவிர முதல் 15 நாள் என்று பொருளல்ல என்று கூறி, 1992 தீர்ப்பைப் பெரிய அமர்வின் பரிசீலனைக்கு அனுப்பியது. நான்கே நாள்களில், ஆகஸ்ட் 11-ஆம் தேதி, மக்களவையில் அறிமுகமான புதிய நடைமுறைச் சட்ட மசோதாவிலும் அதே கருத்து இடம்பெற்றிருந்தது. இன்றைய 187-ஆவது பிரிவின்படி, வழக்கின் தன்மைக்கேற்ப முதல் 40 நாள்களிலோ 60 நாள்களிலோ, 15 நாள் போலீஸ் காவலைத் துண்டு துண்டாகக் கேட்டுப் பெறலாம். சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தின் கீழ் இந்தக் காவல் 30 நாள்வரை நீளலாம்.

சிறையிலிருந்து ஒருவரை மூன்று நாள் எடுத்துச் சென்று, திரும்பக் கொண்டுவந்து, பத்து நாள் கழித்து மறுபடியும் எடுத்துச் செல்லலாம் என்றால், ஒவ்வொரு முறையும் போகும்போதும் வரும்போதும் அவர் உடலைப் பார்க்க வேண்டியது யார்? 'கைது செய்ததும்' என்றுதான் 53-ஆவது பிரிவு சொல்கிறது. கைது ஒருமுறைதான் நடக்கிறது. மருத்துவர் விரும்பினால் 'இன்னும் ஒருமுறை' பரிசோதிக்கலாம் என்று புதிய சட்டத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள். நல்லதுதான். ஆனால், இரண்டாவது முறை அந்த மருத்துவரிடம் அழைத்து வந்தால்தானே அவர் பார்ப்பார்? காவலின் கால எல்லையை விரிக்கத் தெரிந்த சட்டம், பரிசோதனையின் கால எல்லையை மட்டும் கைது நாளோடு நிறுத்திக்கொண்டது. 48 மணி நேர விதி இன்றும் நீதிமன்றத் தீர்ப்பாக உயிரோடு இருக்கிறது, மறுப்பதற்கில்லை. ரிமாண்டு உத்தரவில் அதை எழுதச் சொல்லி வழக்குரைஞர் வாதாடும் வழக்குகளில் அது கிடைத்துவிடும். அரசியல் தலைவர்கள் கைதானால் தில்லி ராம் மனோகர் லோகியா மருத்துவமனை வாசலில் தொலைக்காட்சிக் கேமராக்கள் காத்துக் கிடக்கின்றன. மிதிவண்டி திருடியதாகப் பிடிபட்ட கூலித் தொழிலாளிக்கு எந்த வழக்குரைஞர் வாதாடப் போகிறார், எந்தக் கேமரா காத்திருக்கப் போகிறது?

இந்த மசோதாவை நாடாளுமன்றம் நிறைவேற்றிய விதமும் நினைவுகூரத் தக்கது. உள்துறைக்கான நிலைக்குழு பரிசீலித்து, மசோதா திரும்பப் பெறப்பட்டு, மீண்டும் அறிமுகமாகி, 2023 டிசம்பர் 20-இல் மக்களவையிலும் மறுநாள் மாநிலங்களவையிலும் நிறைவேறியது. அந்த வாரத்தில் இரு அவைகளிலுமாக எதிர்க்கட்சி உறுப்பினர்கள் 140-க்கும் மேற்பட்டோர் இடைநீக்கம் செய்யப்பட்டிருந்தனர். நூறாண்டுக்கும் மேலான நடைமுறையின் மீது எழுப்பப்பட வேண்டிய இத்தகைய கேள்விகளை எழுப்ப வேண்டியவர்கள் அவைக்கு வெளியே நின்றிருந்தார்கள்.

சட்டத்தின் வாசகத்திலேயே இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. காவல் துறை கேட்டு நடக்கும் பரிசோதனையின் அறிக்கை, தாமதமின்றி விசாரணை அதிகாரிக்குப் போக வேண்டும் என்கிறது 51-ஆவது பிரிவு. பாலியல் வன்கொடுமை வழக்கில் அது விசாரணை அதிகாரி வழியே மாஜிஸ்திரேட்டையும் அடைகிறது. கைதானவரின் காயங்களைக் குறிக்கும் 53-ஆவது பிரிவு அறிக்கையோ, கைதானவர் அல்லது அவர் சொல்லும் நபரோடு நின்றுவிடுகிறது. மாஜிஸ்திரேட்டுக்கு அதை மருத்துவர் நேரடியாக அனுப்ப வேண்டும் என்று ஒரு சொல் இல்லை. கைவிலங்கோடு, காவலர்கள் சூழ வாகனத்தில் ஏற்றப்படும் ஒருவர் தன் காயப் பட்டியலைப் பத்திரமாகச் சட்டைப் பையில் வைத்திருந்து நீதிபதியிடம் நீட்டுவார் என்று சட்டம் இயற்றியவர்கள் எதிர்பார்த்தார்கள் போலும்.

நடைமுறையில் மருத்துவமனைக்குப் போய்ச்சேருவது என்ன? தமிழகத்தில் ஏ.ஆர். காப்பி என்றும், தில்லியில் எம்.எல்.சி. என்றும் வழங்கும் குறிப்பேட்டில் நான்கு வரி, அல்லது ரிமாண்டுக்குத் தகுதியானவர் என்ற ஒற்றைச் சான்று. இரண்டும் ஒன்றல்ல. நீதிபதி முன் நிறுத்துமளவுக்கு ஒருவர் நிற்கவும் நடக்கவும் முடிகிறதா என்பது ஒரு கேள்வி. அவர் உடலில் என்னென்ன காயங்கள் உள்ளன என்பது வேறு கேள்வி. சட்டம் கேட்பது இரண்டாவதை. வழக்கத்தில் எழுதப்படுவது முதலாவது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் பொதுமுடக்கக் கட்டுப்பாட்டை மீறியதாகப் பிடிக்கப்பட்ட தந்தையும் மகனும் இதே படிகளில்தான் ஏறி இறங்கினார்கள். அரசு மருத்துவமனையில் சான்று கிடைத்தது. மாஜிஸ்திரேட்டின் ரிமாண்டு உத்தரவும் கிடைத்தது. கோவில்பட்டி கிளைச் சிறைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். கைதான நான்கு நாள்களுக்குள் இருவருமே உயிரோடு இல்லை. காவல் நிலையத்துக்கு வெளியே மருத்துவர், மாஜிஸ்திரேட், சிறை என்று மூன்று வாசல்களைச் சட்டம் வைத்திருக்கிறது. மூன்றுமே திறந்துதான் இருந்தன. பத்திரிகைகளில் செய்தி வந்து நாடே கொதித்தது அதற்குப் பின்னர்தான்.

பழியை முழுவதும் மருத்துவர் தலையில் கட்டிவிடுவதும் நியாயமாகாது. இரவு நேரப் பணியில், வெளியே நோயாளிகள் வரிசையில் நிற்க, பக்கத்தில் காவலர்கள் சூழ்ந்திருக்க, 'யார் அடித்தார்கள்' என்று கேட்கும் துணிவை ஒரு இளம் மருத்துவரிடம் எதிர்பார்க்கிறோம். அதற்குப் பதில் சொல்லும் துணிவை, அதே காவலர்களோடு திரும்பிப் போக வேண்டிய கைதியிடமும் எதிர்பார்க்கிறோம். காவலர்கள் வெளியே நிற்க வேண்டும் என்று சொல்லிவிடலாம். ஆனால் 2023 மே 10-ஆம் தேதி அதிகாலையில், கேரளத்தின் கொட்டாரக்கரை தாலுகா மருத்துவமனைக்குக் காயத்துக்குச் சிகிச்சை அளிக்கக் காவலர்கள் அழைத்துவந்த நபர், அங்கே பணியிலிருந்த பயிற்சிப் பெண் மருத்துவரைக் குத்திக் கொன்றார். அவர் கைதியல்ல என்பது வேறு விஷயம். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு, 'போலீஸ் வெளியே நிற்கட்டும்' என்று எந்த மருத்துவரிடமும் எளிதாகச் சொல்லிவிட முடியாது. சித்திரவதையை ஆவணப்படுத்துவதற்கென்று 1999-இல் உருவாகி 2022-இல் திருத்தப்பட்ட ஐ.நா.வின் இஸ்தான்புல் நெறிமுறை, காவலர்கள் பரிசோதனை அறைக்குள் இருக்கக் கூடாது என்பதை அடிப்படையாக வலியுறுத்துகிறது. கண்ணுக்கு எட்டும் தூரத்தில், காதுக்கு எட்டாத தூரத்தில் காவலர் நிற்பதற்கு ஒரு கண்ணாடித் தடுப்பு போதும். மாவட்டத் தலைநகர் மருத்துவமனைகளில் அப்படி ஓர் அறை அமைக்க எந்த அரசின் கஜானாவும் காலியாகிவிடாது. கூடவே, உடலின் முன்புறம், பின்புறம் வரைபடத்துடன் கூடிய ஒரே மாதிரிப் படிவமும் தேவை. வெறும் காகிதத்தில் 'காயம் ஏதுமில்லை' என்று எழுதுவது எளிது. வரைபடத்தை வெறுமையாக விட்டுவிட்டுக் கையெழுத்திடக் கை கொஞ்சம் தயங்கும்.

இவையெல்லாம் கைது என்று பதிவானவர்களுக்கு. பதிவாகாதவர்களுக்கு? 2025 ஜூன் இறுதியில், சிவகங்கை மாவட்டம் மடப்புரம் கோயிலின் காவலாளியான இளைஞர் நகைத் திருட்டுப் புகாரில் 'விசாரணை'க்கு அழைத்துச் செல்லப்பட்டு இறந்தார். அவர் உடலில் 44 காயங்கள் இருந்ததைச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதிர்ச்சியுடன் குறிப்பிட்டது. கைது என்று காகிதத்தில் எழுதாதவரை 53-ஆவது பிரிவு உயிர்பெறாது. 24 மணி நேரக் கணக்கும் தொடங்காது. மருத்துவப் பரிசோதனையைத் தவிர்க்க நினைப்பவர்களுக்குச் சுலபமான வழி, கைது செய்யாமலே வைத்திருப்பதுதான். காவல் துறையின் பிடியில் ஒருவர் எந்த நிமிடம் வந்தாரோ அந்த நிமிடத்திலிருந்து பரிசோதனைக் கடமையும் தொடங்கும் என்று சட்டம் சொன்னாலொழிய இந்தச் சந்து அடைபடாது.

இதற்கு எதிர்த்திசையில், காவல் துறை கேட்கும் பரிசோதனையின் எல்லை மட்டும் விரிந்துகொண்டே போகிறது. ரத்தம், உமிழ்நீர், முடி, நகத் துணுக்கு, மரபணுச் சோதனை என்று 2005-இலேயே அது விரிந்தது. உண்மை கண்டறியும் சோதனைகளைச் சம்மதமின்றி நடத்தக் கூடாது என்று 2010 மே மாதம் செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம் தடுத்திராவிட்டால் இன்னும் விரிந்திருக்கும். முன்பு உதவி ஆய்வாளருக்குக் குறையாத அதிகாரி கேட்க வேண்டியிருந்த பரிசோதனையை, 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி எந்தக் காவல் அதிகாரியும் கேட்கலாம்.

1985-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன யோசனைக்கு வருவோம். அதே ஆண்டில் சட்ட ஆணையம் தனது 113-ஆவது அறிக்கையில், சாட்சியச் சட்டத்தில் 114-பி என்ற புதிய பிரிவைச் சேர்க்கப் பரிந்துரைத்தது. ஒருவர் காவலில் இருந்த காலத்தில் காயம் ஏற்பட்டது என்பதற்குச் சான்று இருந்தால், அந்தக் காயத்தைக் காவலில் வைத்திருந்த அதிகாரியே ஏற்படுத்தினார் என்று நீதிமன்றம் ஊகித்துக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். அப்படி ஊகிக்கும்போது பரிசோதித்த மருத்துவரின் சாட்சியத்தையும், வாக்குமூலம் பதிந்த மாஜிஸ்திரேட்டின் சாட்சியத்தையும் கருத வேண்டும் என்றும் அது சொன்னது. 1994-இல் 152-ஆவது அறிக்கையும், 2017 அக்டோபரில் 273-ஆவது அறிக்கையும் அதே பரிந்துரையைத் திரும்பச் செய்தன. சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் 1997 அக்டோபரில் கையெழுத்திட்ட இந்தியா, அதற்கு இன்னும் ஒப்புதல் அளிக்கவில்லை. ஒப்புதலுக்கு வழிவகுக்கும் சித்திரவதைத் தடுப்பு மசோதா 2010 மே 6-ஆம் தேதி மக்களவையில் நிறைவேறி, மாநிலங்களவையின் தெரிவுக்குழுவுக்குப் போனது. குழு அந்த ஆண்டு டிசம்பரிலேயே அறிக்கை தந்துவிட்டது. 2014-இல் மக்களவை கலைந்தபோது மசோதாவும் காலாவதியானது. அப்போது ஆட்சியில் இருந்தது காங்கிரஸ் கூட்டணி. இப்போது இருப்பது பாரதிய ஜனதா கூட்டணி. காவல் நிலையத்துக்குள் எட்டிப் பார்க்க விரும்பாததில் இரண்டுக்கும் வேறுபாடு தெரியவில்லை.

இந்திய சாட்சியச் சட்டத்தைத் தூக்கி எறிந்துவிட்டு, 2023-இல் பாரதிய சாட்சிய அதினியம் என்ற புதிய சட்டத்தை முதல் எழுத்திலிருந்து எழுத அரசுக்கு வாய்ப்புக் கிடைத்தது. காலனி ஆட்சியின் அடையாளங்களை அகற்றுவதே நோக்கம் என்று இரு அவைகளிலும் முழங்கினார்கள். சட்ட ஆணையம் 1985 முதல் மூன்று முறை எழுதிக் கொடுத்த 114-பி அதில் இல்லை. கைதானவரின் காயங்களைக் குறித்து மருத்துவர் இடும் கையெழுத்துக்கு, விசாரணை நீதிமன்றத்தில் இன்றும் தனி வலு ஏதும் சட்டத்தால் தரப்படவில்லை. ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் காவல் மரணங்களின் எண்ணிக்கையைக் கேட்டு உறுப்பினர்கள் நட்சத்திரக் குறியிட்டும் இடாமலும் கேள்விகள் அனுப்புகிறார்கள்; அமைச்சரும் அட்டவணை ஒன்றை இணைத்துப் பதில் அனுப்புகிறார். 53-ஆவது பிரிவின்படி எத்தனை பேர் பரிசோதிக்கப்பட்டார்கள், எத்தனை பேர் கையில் அறிக்கையின் நகல் தரப்பட்டது, எத்தனை அறிக்கைகளில் காயம் குறிக்கப்பட்டது என்று மாநில வாரியாக அட்டவணை கேட்டு ஓர் உறுப்பினர் எழுதினால், அடுத்த கூட்டத்தொடரில் அதற்கும் பதில் சொல்லியாக வேண்டும்.